யுலிசஸ் கிராண்ட் ஏறிய பதின்மூன்று படிகள்

1876 டிசம்பர் 5 அன்று அமெரிக்க அதிபர் யுலிசஸ் எஸ். கிராண்ட், நாடாளுமன்றத்துக்குத் தன் எட்டாவது ஆண்டறிக்கையை அனுப்பினார். அதுவே கடைசி அறிக்கையும்கூட. வரவு செலவு, அயலுறவு, அஞ்சல் துறை என்று வழக்கமான தடத்தில் போகவேண்டிய அந்த ஆவணத்தின் தொடக்கத்தில் யாரும் கேட்காத ஒரு வாக்குமூலம் இருக்கிறது. முன்கூட்டிய அரசியல் பயிற்சி எதுவுமின்றி இந்தப் பதவிக்கு அழைக்கப்பட்டது தன் நல்லூழோ தீயூழோ என்று தொடங்குகிறார். பதினேழு வயதுக்குப் பிறகு, தான் வேட்பாளராக நிற்கும்வரை, அதிபர் தேர்தலின் பரபரப்பை நேரில் பார்த்ததே இரண்டு தடவைதான் என்கிறார். அதிலும் ஒருமுறைதான் வாக்களிக்கும் தகுதி இருந்ததாம். தவறுகள் நேர்ந்தன, அவை கணிப்பில் நேர்ந்த பிழைகள், எண்ணத்தில் குற்றமில்லை என்று முடிக்கிறார்.

பதவியில் இருக்கும்போதே ஓர் அதிபர் தன் தகுதியின்மையை அரசாங்க ஏட்டில் பதிவு செய்தது அபூர்வம். எதிரிகளுக்கு அது வெல்லமாக இனித்தது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களும் அந்த வாக்குமூலத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்: தெரியாதவன் கையில் நாட்டைக் கொடுத்தார்கள், அவன் குட்டிச்சுவராக்கிவிட்டான்.

அந்த ஒற்றை வாக்கை கிராண்ட் யாருக்குப் போட்டார் என்பது சுவையான செய்தி. 1856இல் ஜேம்ஸ் புக்கானனுக்கு. அதிபர் பதவிக்கு அவரைவிடத் தயாராக வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழவை உறுப்பினர், செனட்டர், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், வெளியுறவு அமைச்சர் என்று எல்லாப் படிகளிலும் நின்று வந்தவர். அவர் பதவியை விட்டு இறங்கும்போது ஏழு மாகாணங்கள் நாட்டை விட்டுப் பிரிந்திருந்தன. அதிபர்களைத் தரவரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலிலும் அவருக்குக் கடைசி இடங்களில் ஒன்று நிச்சயம். அவருக்குப் பின் வந்த ஆபிரகாம் லிங்கனோ ஒரே ஒரு தவணை கீழவையில் இருந்தவர். முன்னனுபவத்தைத் தகுதியின் அளவுகோலாக வைப்பவர்கள் இந்த இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது போதாது. கிராண்டின் கதை அதைவிடச் சிக்கலானது.

1860இல் முப்பத்தெட்டு வயதில் கிராண்ட், இல்லினாய் மாகாணத்தின் கலீனா என்ற சிற்றூரில் தன் தந்தையின் தோல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1843ஆம் ஆண்டு தேறிய 39 பேரில் 21ஆவது இடம். மெக்சிகோ போருக்குப் பின் 1854இல் ராணுவத்திலிருந்து விலகினார். செயின்ட் லூயி அருகே விவசாயம் செய்து நொடித்தார். தெருவில் விறகு விற்ற காலமும் உண்டு. உள்நாட்டுப் போர் வந்திருக்காவிட்டால் அவர் பெயர் கலீனா எல்லையைத் தாண்டியிருக்காது. நான்கே ஆண்டுகளில் தெற்கின் விக்ஸ்பர்க் கோட்டை அவரிடம் சரணடைந்தது, வடக்கின் படைகள் முழுவதற்கும் தளபதியானார், 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் தெற்கின் தளபதி ராபர்ட் லீ அவரிடம் பணிந்தார். 1868இல் குடியரசுக் கட்சி அவரை நிறுத்தியபோது கொள்கை பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. வெல்லக்கூடியவர் என்பதே போதுமானதாக இருந்தது. தேர்வாளர் வாக்குகளில் 214க்கு 80 என்று வென்றார். தெற்கில் முதன்முறையாக வாக்குச்சாவடிக்கு வந்த கறுப்பின மக்களின் லட்சக்கணக்கான வாக்குகள் அந்த வெற்றிக்குள் இருந்தன. இதை மனத்தில் நிறுத்திக்கொள்வோம், திரும்பி வரவேண்டியிருக்கிறது.

ஆட்சி முடிந்த பின் எண்பது ஆண்டுகள் கிராண்டின் மேல் சொல்லப்பட்ட குற்றப்பத்திரிகை பெரும்பாலும் ஊழல் சம்பந்தமானது. 1869இல் ஊக வணிகர்களான ஜே கோல்டும் ஜிம் ஃபிஸ்க்கும் தங்கச் சந்தையை முடக்கப் பார்த்தார்கள். அதற்காக அதிபரின் தங்கை கணவர் ஏபல் கார்பினையே கையில் போட்டுக்கொண்டார்கள். விஷயம் புரிந்ததும் கிராண்ட் அரசுத் தங்கத்தில் 40 லட்சம் டாலர் அளவுக்கு விற்கச் சொன்னார். செப்டம்பர் 24 வெள்ளிக்கிழமை விலை சரிந்து, பல வணிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து விஸ்கி வரி ஏய்ப்பு. சாராய ஆலைக்காரர்களும் வரி அதிகாரிகளும் சேர்ந்து கருவூலத்துக்குப் போகவேண்டிய பணத்தைப் பங்கு போட்டார்கள். 1875இல் நிதியமைச்சர் பிரிஸ்டோ அந்தக் கும்பலைப் பிடித்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். விசாரணை அதிபரின் சொந்தச் செயலாளர் ஆர்வில் பாப்காக் வரை வந்தபோது, கிராண்ட் அவருக்காக எழுத்துபூர்வமாகச் சாட்சியம் அளித்தார். பாப்காக் விடுதலையானார். 1876இல் போர்த்துறை அமைச்சர் பெல்க்னாப் பதவி வியாபாரத்தில் மாட்டி, பதவிநீக்கத் தீர்மானம் வருவதற்குச் சற்று முன் ராஜினாமா செய்தார்.

கிராண்டின் சொந்தக் கை சுத்தம் என்பதில் அன்றைய எதிரிகளுக்கும் பெரிய ஐயம் இருக்கவில்லை. சுற்றியிருந்தவர்களின் கைகள்தான் அழுக்கு. ஏன் இப்படி? போர்க்களத்தில் ஒரு துணைத்தளபதி பொய் சொன்னால் இரண்டு நாளில் பிணக்குவியலாகத் தெரிந்துவிடும். வாஷிங்டனில் ஒரு செயலாளர் பொய் சொன்னால் வெளியே வர ஐந்து வருடம் ஆகும். முதல் இடத்தில் வேலை செய்த அவரது நம்பிக்கை இரண்டாம் இடத்தில் அவரைக் கவிழ்த்தது. இத்தோடு, தன்னைப் போருக்கு முன் ஏளனம் செய்த உலகத்தில் தன்னோடு நின்றவர்களைக் கைவிடக்கூடாது என்ற பிடிவாதமும் இருந்தது என்பது என் ஊகம். நம் ஊரில் இதற்கு சகவாச தோஷம் என்று பெயர்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவற்றுக்காகவா கிராண்ட் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டார்? 1948இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் 55 வல்லுநர்களிடம் கேட்டுத் தயாரித்த முதல் புகழ்பெற்ற தரவரிசையில், 29 அதிபர்களில் கிராண்டுக்கு 28ஆவது இடம். 1962இல் மறுபடி கேட்டபோது 31 பேரில் 30. ஊழல் மட்டுமே காரணமென்றால் இந்த இடம் அசையாமல் இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் ஊழல் பற்றிய ஆதாரங்கள் பெரிதாக மாறவில்லை. இடமோ அசைந்தது. சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களிடம் நடத்தும் கணிப்பில் 2000ஆம் ஆண்டு 33ஆவது இடத்தில் இருந்தவர், 2009இல் 23க்கு வந்தார், 2017இல் 22, 2021இல் 20. இறந்து நூறாண்டு கடந்த மனிதர் இருபத்தொரு ஆண்டில் பதின்மூன்று படி ஏறியிருக்கிறார்.

அதே கணிப்பில் யார் இறங்கினார்கள் என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். ஆண்ட்ரூ ஜாக்சன் 13இலிருந்து 22க்கு. வுட்ரோ வில்சன் 6இலிருந்து 13க்கு. ஜாக்சன் தொல்குடிகளை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டும் சட்டத்துக்குக் கையெழுத்திட்டவர். வில்சனோ அரசியல் அறிவியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர், நியூ ஜெர்சி ஆளுநர். கிராண்டிடம் இல்லாத எல்லாத் தகுதியும் இருந்த அவர் ஆட்சியில்தான், 1913 முதல், மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் தனியே பிரித்து உட்காரவைக்கப்பட்டார்கள்.

போருக்குப் பிந்தைய தெற்கின் மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பாடநூல்களில் இருந்த சித்திரம், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் வரைந்தது. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்தது பெரும் தவறு, வடக்கிலிருந்து வந்த கொள்ளையர்கள் அவர்களைப் பொம்மைகளாக ஆட்டிவைத்தார்கள், வெள்ளையர் ஆட்சி மீண்டதும் ஒழுங்கு மீண்டது என்பது அதன் சாரம். 1915இல் வந்த ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ படம் அதையே திரையில் சொன்னது. வில்சனின் வெள்ளை மாளிகையில் திரையிடவும் பட்டது. இந்தக் கதையில் தெற்கில் படையை வைத்து கறுப்பினத்தவரின் வாக்கைக் காக்க முயன்ற அதிபர் என்னவாக இருக்க முடியும்? முட்டாளாக அல்லது முரடனாக. கிராண்டுக்கு இரண்டு வேடமும் கட்டினார்கள். 1935இல் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் தன் பெரிய நூலில் இந்தச் சித்திரத்தைக் கிழித்துக் காட்டியும், கல்வியுலகம் அப்போது கண்டுகொள்ளவில்லை. கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் வந்த பின்தான் பார்வை திரும்பியது. 1988இல் வெளியான எரிக் ஃபோனரின் மறுசீரமைப்பு வரலாறு அந்தத் திருப்பத்தை உறுதிப்படுத்தியது. யாருடைய உயிரும் வாக்கும் கணக்கில் சேரும் என்பது மாறியபோது, கிராண்டின் மதிப்பெண்ணும் மாறியது.

அப்படிக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது 1871. வெள்ளையினவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளான் தெற்கில் இரவு நேரங்களில் வீடு புகுந்து சாட்டையால் அடித்தது, கொன்றது. உள்ளூர் காவலர்களிலும் நடுவர்களிலும் பலர் அதன் உறுப்பினர்கள் அல்லது அதற்கு அஞ்சியவர்கள். மாகாண நீதிமன்றங்களில் சாட்சி சொல்ல ஆளில்லை. கிராண்ட் தயங்கினார் என்பது உண்மை. முன்னாள் தளபதி சர்வாதிகாரியாகிறான் என்று சொல்வார்கள் என்ற கவலை. ஆனாலும் மார்ச் 23 அன்று நேரே நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து எழுதிய செய்தியில் புதிய அதிகாரம் கேட்டார். ஏப்ரல் 20 அன்று சட்டம் கையெழுத்தானது. அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். ராணுவம் பிடித்தது, முந்தைய ஆண்டுதான் உருவாகியிருந்த நீதித்துறை வழக்கு நடத்தியது. அதை வழிநடத்திய அட்டர்னி ஜெனரல் ஏமஸ் ஏக்கர்மன், போரில் தெற்கின் படையில் இருந்தவர் என்பது இந்த வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. நூற்றுக்கணக்கானோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சிறைக்குப் போனவர்கள் குறைவு. ஆனால் கிளான் அமைப்பாக உடைந்தது. 1872இன் அதிபர் தேர்தல் தெற்கில் அந்தக் காலத்துக்கு மிக அமைதியாக நடந்தது.

அரசியல் பயிற்சி இல்லாதவர் என்று தன்னையே சொல்லிக்கொண்ட மனிதர் செய்தது இது. தேர்ந்த அரசியல்வாதிகள் அவரிடம் அன்று சொல்லக்கூடிய புத்திமதி, கொஞ்சம் பொறுங்கள் என்பதாகத்தான் இருந்திருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை வேறு. 1873இல் ஜே குக் வங்கி விழுந்து பொருளாதாரம் படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு கீழவை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போயிற்று. வடக்கின் வாக்காளர்களுக்குத் தெற்கின் செய்திகள் சலித்துவிட்டன. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு அன்று, லூசியானாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர் மீது வெள்ளையர் படை பாய்ந்தது. சரணடைந்தவர்களையும் சுட்டது. இறந்தோர் தொகை அறுபதிலிருந்து நூற்றைம்பது வரை மதிப்பிடப்படுகிறது. அந்த வட்டாரத்தின் பெயர் கிராண்ட் பாரிஷ். ஊரின் பெயர் கோல்ஃபாக்ஸ், அவருடைய முதல் துணை அதிபரின் பெயர். குற்றவாளிகள் மீதான வழக்கை 1876இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. தனியாட்கள் செய்யும் கொலைகளைத் தண்டிப்பது மாகாணங்களின் வேலை என்றது.

1875 செப்டம்பரில் மிசிசிப்பி மாகாணத்தின் ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ், தேர்தலுக்கு முன் ராணுவம் அனுப்பும்படி கெஞ்சினார். ஜனநாயகக் கட்சியின் ஆயுதக் கும்பல்கள் பகலிலேயே ஊர்வலம் போயின. கிளின்டன் ஊரில் குடியரசுக் கட்சியின் பொதுக்கூட்டத்தில் தொடங்கிய மோதல் நாள்கணக்கான வேட்டையாக மாறியிருந்தது. கிராண்ட் அப்போது நியூ ஜெர்சியின் கடலோர ஓய்விடமான லாங் பிராஞ்சில் இருந்தார். அங்கிருந்து புதிய அட்டர்னி ஜெனரல் எட்வர்ட்ஸ் பியர்பாண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இலையுதிர் காலம்தோறும் தெற்கில் வெடிக்கும் இந்தக் கலவரங்களால் மக்கள் அலுத்துப்போனார்கள் என்பது அதில் ஒரு பகுதி. தலையிட வேண்டியதாகிவிட்டால் விளையாட்டுக்கு இடமிருக்காது, படைத்தளபதிக்கு அப்படியே உத்தரவு போகும் என்பது மற்றொரு பகுதி. பியர்பாண்ட் ஏம்ஸுக்குப் பதில் எழுதும்போது முதற்பகுதியை மேற்கோள் காட்டினார். இரண்டாவதை விட்டுவிட்டார். படை வரவில்லை. நவம்பர் 2 வாக்குப்பதிவில், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த யாஸூ மாவட்டத்தில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குகள் ஏழு.

பியர்பாண்ட் கத்தரித்தது கிராண்டைக் காப்பாற்றாது. அந்தப் பதிலை மாற்றியெழுத கிராண்டுக்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. ஏன் செய்யவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அடிமையாகப் பிறந்து மிசிசிப்பியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஜான் ராய் லிஞ்ச், தேர்தலுக்குப் பின் வெள்ளை மாளிகையில் அதிபரைச் சந்தித்து இதையே கேட்டார். ஒஹாயோவிலும் அந்த அக்டோபரில் தேர்தல் இருந்தது. மிசிசிப்பிக்குப் படை போனால் ஒஹாயோ போய்விடும் என்று அந்த மாகாணக் கட்சிக்காரர்கள் வந்து சொன்னார்கள். மிசிசிப்பி எப்படியும் போகப்போகிறது, இரண்டையும் இழப்பதா என்று யோசித்துத்தான் சும்மா இருந்தேன், கடமைக்கு முன் கட்சியை வைத்துவிட்டேன் என்ற பொருளில் கிராண்ட் பதில் சொன்னதாக லிஞ்ச் 1913இல் வெளியிட்ட தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். முப்பத்தெட்டு ஆண்டு கழித்து ஒருவர் நினைவிலிருந்து எழுதியது என்பதால் வார்த்தைக்கு வார்த்தை நம்பத் தேவையில்லை. ஒஹாயோ தேர்தலின் நெருக்கடி மட்டும் வேறு ஆவணங்களிலும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஆளுநராக வென்றவர் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ். பதினாறு மாதம் கழித்து கிராண்டின் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

கிராண்டின் வாக்குமூலத்தோடு நான் முரண்படுவது இங்கேதான். அரசியல் பயிற்சி இல்லாததால் பிழை நேர்ந்தது என்று 1876இல் எழுதினார். பாப்காக், பெல்க்னாப் விவகாரங்களுக்கு அது பொருந்தும். மிசிசிப்பிக்குப் பொருந்தாது. ஒரு மாகாணத்தைக் கொடுத்து இன்னொன்றைக் காப்பது ஒரு தேர்ந்த அரசியல்வாதியின் கணக்கு. 1871இல் அந்தக் கணக்கு அவருக்கு வராது. 1875க்குள் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் மீது வைக்கக்கூடிய மிகக் கனமான குற்றச்சாட்டு அவர் பயின்ற பிறகு செய்தது. விஸ்கி வரியில் அரசு இழந்தது பணம். மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் இழந்த வாக்குரிமையை 1965வரை முழுமையாகத் திரும்பப் பெறவில்லை.

இப்போதைய கிராண்ட் ஆர்வலர்களிடமும் ஒரு குறை உண்டு. ரொனால்ட் வைட் 2016லும் ரான் செர்னோ 2017லும் வெளியிட்ட பருமனான வாழ்க்கை வரலாறுகள் அவரைத் தூசு தட்டி மேலே வைத்தன. பதின்மூன்று படிகளில் சில அந்த நூல்களின் உபயம். கிளானை ஒடுக்கியவர் என்ற ஒளியில், மேற்கில் நடந்தது வாசகர் மனத்தில் மங்கிப்போகிறது. பதவியேற்றபோது தொல்குடிகளோடு சமாதானம் என்று அறிவித்தார். செனகா இனத்தவரான ஈலி பார்க்கரைத் தொல்குடி விவகார ஆணையராக்கினார், அந்தப் பதவிக்கு வந்த முதல் தொல்குடி மனிதர். ஆனால் 1874இல் பிளாக் ஹில்ஸில் தங்கம் கிடைத்தது. 1868 ஒப்பந்தப்படி அது லகோட்டா மக்களின் நிலம். 1875 நவம்பரில் வெள்ளை மாளிகையில் தளபதிகளோடு கதவைச் சாத்திக்கொண்டு நடந்த ஒரு கூட்டத்தில், அத்துமீறி நுழையும் சுரங்கக்காரர்களை இனித் தடுப்பதில்லை என்று முடிவானது. அடுத்த கோடையில் லிட்டில் பிக்ஹார்னில் லகோட்டாக்களோடு மோதிய படைத்தலைவர் கஸ்டர் தன் படையோடு அழிந்தார். அதன்பின் நிலமும் போனது. அது முறையின்றி எடுக்கப்பட்டது என்று 1980இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. மிசிசிப்பித் தேர்தலும் இந்தக் கூட்டமும் நடந்தது ஒரே வாரத்தில். கிராண்டின் மரபை எழுதுபவர் அந்த வாரத்தைத் தவிர்க்க வழியில்லை.

1877இல் பதவிக்காலம் முடிந்ததும், மனைவியோடு உலகம் சுற்றக் கிளம்பினார். 1879இல் பம்பாயில் இறங்கி ஆக்ரா, டெல்லி, காசி வழியாகக் கல்கத்தா போனார். பிறகு சீனா, ஜப்பான். பெய்ஜிங்கிலும் டோக்கியோவிலும் கிடைத்த மரியாதையைப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுத, ஊரில் அவர் பெயருக்கு ஏறியிருந்த கறை வெளுத்தது. 1880இல் சிகாகோவில் கூடிய கட்சி மாநாட்டில் மூன்றாவது தவணைக்கு அவர் பெயர் முன்வைக்கப்பட்டது. அன்று அரசியல் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. அந்தத் திருத்தம் 1951இல்தான் வந்தது. ஆனால் மூன்றாம் தவணை விவேகமற்றது என்று கிராண்ட் பதவியில் இருந்தபோதே, 1875 டிசம்பரில், கீழவை 233க்கு 18 என்று தீர்மானம் போட்டிருந்தது. 1868இல் அனுபவமின்மையைப் பொருட்படுத்தாத ஆதரவாளர்கள் இப்போது அனுபவத்தையே தகுதியாகக் காட்டினார்கள். முதல் சுற்றில் 304 வாக்குகள். தேவை 379. முப்பத்தாறு சுற்றுகள் நடந்தும் அவருடைய கூட்டம் ஏறக்குறைய அசையவில்லை; கடைசிச் சுற்றில் 306. வேட்பாளராக வந்தவர், யாரும் எதிர்பாராத ஜேம்ஸ் கார்ஃபீல்ட். கிராண்டுக்கு விழுந்த வாக்குகளில் கணிசமான பகுதி தெற்கின் பிரதிநிதிகளுடையது. அவர்களுடைய மாகாணங்கள் தேர்தலில் கட்சிக்கு ஒரு தேர்வாளர் வாக்கையும் தரமுடியாத நிலையில் இருந்தன. ஏன் தரமுடியவில்லை என்பதற்கு யாஸூவின் ஏழு வாக்குகள் விளக்கம்.

அதன்பின் நடந்தது அமெரிக்கர்கள் விரும்பிச் சொல்லும் கதை. 1884இல் கூட்டாளியின் மோசடியால் சேமிப்பெல்லாம் போனது, தொண்டையில் புற்றுநோய் வந்தது, மார்க் ட்வைன் பதிப்பாளரானார். வலியோடு எழுதி முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று இறந்தார். நினைவுக்குறிப்புகள் அவர் மனைவிக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தன. போரைப் பற்றி அதுபோன்ற நூல் ஆங்கிலத்தில் அதிகமில்லை. அதிபர் பதவியில் இருந்த எட்டாண்டுகளைப் பற்றி மட்டும் அதில் ஓர் அத்தியாயமும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது அவரது கடிதங்கள். 1962இல் தொடங்கிய ஒரு பதிப்புத் திட்டம் அவற்றைத் தேடித் தொகுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அச்சிட்டது. லாங் பிராஞ்சிலிருந்து எழுதிய கடிதத்தில் பியர்பாண்ட் விட்டுவிட்ட பகுதியை இன்று யாரும் அதில் படிக்கலாம். அந்தச் சேகரம் நெடுங்காலம் இல்லினாயில் இருந்தது. இப்போது அது கிராண்டின் பெயரிலான அதிபர் நூலகத்தில், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.